இருபதாயிரம் என்று எழுதியிருந்தது

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி மலை நெருங்க நெருங்க, போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் காலை நனைக்கும்போது ஒரு கோடு நின்றால் பெரிது. கூடவே பேட்டரியும் இறங்கும். காலையில் நூறு சதவீதத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பிய போன், மதியம் பொங்கல் பானையை இறக்குவதற்குள் முப்பதுக்கு வந்து நிற்கும். "ஓயாம போட்டோ எடுத்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். பாதிக் காரணம் அதுதான். மீதி, கண்ணுக்குத் தெரியாத டவர்.

டவருக்கு அருகில் இருக்கும் போன் மெல்லப் பேசினால் போதும். தூரம் கூடக் கூட, நடுவில் மலை குறுக்கிடக் குறுக்கிட, சத்தம் போட்டுப் பேச வேண்டும். 4ஜி போன் ஒன்று அதிகபட்சமாக 200 மில்லிவாட் அளவுக்கு ரேடியோ அலையை அனுப்பலாம். ஊருக்குள் அதில் மிகச் சிறிய பங்கே செலவாகும். காட்டு ஓரத்தில் உச்சத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். சிக்னல் அறவே போய்விட்டால், எங்காவது ஒரு டவர் கிடைக்குமா என்று ஒவ்வோர் அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே அய்யனார் கோவிலுக்கோ தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கோ போகிறவர்களுக்கு முதல் யோசனை காசு செலவில்லாதது: காட்டுக்குள் நுழையும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கேமரா வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும்.

ஆனாலும் பவர் பேங்க் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலே மலையில் மழை பெய்தால் அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்ட பக்தர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்தியை இந்தப் பக்கத்துக்காரர்கள் ஒருமுறைக்கு மேல் படித்திருப்பார்கள். அந்த நேரத்தில் கையில் உயிரோடு ஒரு போன் இருப்பது சாதாரண விஷயமில்லை. அதனால்தான் பவர் பேங்க் வாங்கும்போது ஏமாறக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் ஏமாந்தேன். ஓர் ஆடி மாதத்தில் குடும்பத்தோடு கோவிலுக்குக் கிளம்பியபோது, வழியில் ஒரு கடையில் கண்ணில் பட்டதை வாங்கினேன். மேலே பெரிய எழுத்தில் 20,000 எம்ஏஎச். கறுப்பு நிறம், டார்ச் லைட், நாலு நீலப் புள்ளி. "கம்பெனி பீஸ் அண்ணாச்சி, நாலு தடவை சார்ஜ் ஏத்தலாம்" என்றார் கடைக்காரர். கையில் வாங்கியபோது லேசாக இருந்தது. லேசாக இருப்பது நல்லதுதானே என்றுதான் அப்போது நினைத்தேன். கோவிலில் 12 சதவீதத்தில் போனைச் சொருகினேன். 51-க்கு ஏறியதும் நாலு நீலப் புள்ளியும் அணைந்துவிட்டது. வேன் டிரைவரைக் கூப்பிட அதுவே போதுமாக இருந்தது, நல்ல வேளை. ஆனால் நாலு தடவை என்றது அரைத் தடவைகூட இல்லை.

ஊர் திரும்பியதும் தெரிந்த செல்போன் பழுதுபார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கையில் தூக்கிப் பார்த்த உடனேயே, "இதுல ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி" என்றார். பிறகு பிளாஸ்டிக் பட்டையை வைத்து ஓரத்தை நெம்பித் திறந்தார். உள்ளே உருண்டையான இரண்டு செல்கள், பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரியவை. பக்கத்தில் இன்னும் நாலு செல் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். செல்களின் மேல் நீல உறை. அதில் கம்பெனிப் பெயரோ எண்ணோ எதுவும் இல்லை. உறையை லேசாகக் கீறினார். அடியில் இன்னொரு உறையின் கிழிந்த மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "பழைய லேப்டாப்புல இருந்து கழட்டினது. புதுச் சட்டை போட்டு விட்டுருக்காங்க." அந்த இரண்டு செல்லையும் பார்த்த பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். (நீங்கள் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். கூரான முனை ஒன்று செல்லில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.)

அந்த உருண்டைச் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பெயரிலேயே அளவு இருக்கிறது. நல்ல கம்பெனியின் நல்ல செல்லே ஏறத்தாழ 3,500 எம்ஏஎச்தான் தாங்கும். 20,000 வேண்டுமென்றால் குறைந்தது ஆறு செல் வேண்டும். ஒரு செல் 45 முதல் 48 கிராம். ஆறு செல் என்றால் 270 கிராமுக்குக் குறையாது. அதன் மேல் கூடு, சர்க்யூட் பலகை எல்லாம் இருக்கிறது. நான் வாங்கியதை மளிகைக் கடைத் தராசில் போட்டபோது 160 கிராம் காட்டியது. கடையிலேயே தராசில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இது ஏதோ தந்திரம் இல்லை, வேதியியல். லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் சோனி நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. அதற்கு வழி திறந்த ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை ஆண்டு முன்னேற்றத்துக்குப் பிறகும், நாம் கடையில் வாங்கும் வகையில் ஒரு கிலோ செல்லுக்குள் அடைக்க முடிகிற ஆற்றல் சுமார் 250 வாட்-மணி. பல செல்களில் அதற்கும் கீழேதான். ஆற்றலைத் தாங்க அங்கே கோபால்ட், நிக்கல், கிராஃபைட், செம்பு, அலுமினியம் போன்ற பொருள்கள் வேண்டும். பொருளைக் குறைத்துவிட்டு ஆற்றலை மட்டும் வைத்திருக்க முடியாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் பொதுவாக 180 முதல் 250 கிராம் வரை இருக்கும். மிக லேசாகச் செய்யப்பட்ட விலை உயர்ந்த மாடல்களே 150 கிராம் பக்கம் வருகின்றன. அதற்கும் கீழே என்றால் நம்பாதீர்கள். 20,000 என்று போட்டு 280 கிராமுக்குக் கீழே இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எடை சரியாக இருந்துவிட்டால் மட்டும் பொருள் சரி என்று ஆகிவிடாது. கனம் காட்டுவதற்காக உள்ளே மணலை அடைத்த போலிகளையும் உடைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தராசு கழிக்க மட்டுமே உதவும், தேர்ந்தெடுக்க உதவாது. தேர்ந்தெடுக்கச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும்.

எம்ஏஎச் என்பது மின்னோட்டமும் நேரமும் சேர்ந்த கணக்கு. அதில் வோல்டேஜ் இல்லை. பவர் பேங்குக்குள் இருக்கும் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. யூஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 அல்லது அதற்கு மேல். ஆகையால் முன்பக்கம் 10,000 என்று எழுதினால் அது செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதிய எண். 10 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. இதுதான் உண்மையான சரக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போது இதே சரக்கு 7,400 எம்ஏஎச் ஆகிறது. மாற்றும் சர்க்யூட் சூடாகி விழுங்குவதைக் கழித்தால் 6,000 முதல் 6,500 வரை வெளியே வரும். நேர்மையான கம்பெனி இதையும் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று எழுதி வைத்திருக்கும். முன்னால் 10,000, பின்னால் 6,000 சொச்சம் என்று பார்த்ததும் ஏமாற்று என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் அந்தச் சின்ன எண்ணை எழுதியவர்தான் நம்பத் தகுந்தவர். சின்ன எண்ணே இல்லாத பவர் பேங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்றைய போனின் பேட்டரி 5,000 எம்ஏஎச் என்றால் அதன் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. 37 வாட்-மணி பவர் பேங்கிலிருந்து மாற்று இழப்பு போக 31 வாட்-மணி வெளியே வரும். போன் தன் பேட்டரிக்குள் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரைத் தடவை. பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்து இரண்டு தடவை என்று சொல்லும் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று இல்லை. அவர் வோல்டேஜை விட்டுவிடுகிறார். விலையை ஒப்பிடும்போதும் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட்-மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலையை வாட்-மணியால் வகுத்தால் ஒரு வாட்-மணி எத்தனை ரூபாய் என்று வரும். நம்பிக்கையான நாலு கம்பெனிப் பொருளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று மட்டும் பாதி விலையில் இருந்தால் அந்த வாட்-மணி உள்ளே இல்லை, அல்லது பாதுகாப்புக்குச் செலவழிக்க வேண்டியதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் செல்லுக்குள் போக வேண்டும். நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய் சுருட்டியதுபோல் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டும் தொட்டுவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. அதன் கனம் 20 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. சவ்வில் உள்ள நுண்துளைகள் வழியே லித்தியம் அயனிகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரும். சுற்றிலும் நனைந்திருப்பது தண்ணீர் அல்ல, எளிதில் தீப்பிடிக்கும் கரிமக் கரைசல். அந்த மெல்லிய சவ்வு கிழிந்தால், அல்லது உற்பத்தியில் விழுந்த உலோகத் துகள் ஒன்று அதைத் துளைத்தால், இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியில் சூடு ஏறும். 100 டிகிரி செல்சியஸ் பக்கம் எதிர்முனையின் மேல் படிந்த காப்புப் படலம் சிதையும், அது தன் பங்குக்கு வெப்பம் விடும். 130 டிகிரியில் பாலிஎதிலீன் சவ்வு உருகும். இன்னும் மேலே போனால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருள் உள்ளே, ஆக்சிஜன் உள்ளே, நெருப்பும் உள்ளே. ஒவ்வொரு படியின் வெப்பமும் அடுத்த படியைத் தூண்டிவிடும் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது. ஒரு செல் பற்றினால் பக்கத்துச் செல்லும் பற்றும்.

2016-இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போனை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். ஒரு வகை பேட்டரியில் எதிர்முனைத் தகட்டின் மூலை மடங்கியிருந்தது, இன்னொரு வகையில் வெல்டிங் பிசிறு துருத்திக்கொண்டிருந்தது என்று அடுத்த ஆண்டு காரணம் சொன்னார்கள். அவ்வளவு சின்னக் குறைதான்.

இந்த ஆபத்தை அடக்க நல்ல பவர் பேங்கில் ஒரு சர்க்யூட் காவல் இருக்கும். செல் 4.2 வோல்ட்டைத் தாண்டப் போகிறது என்றால் உள்ளே வரும் மின்சாரத்தை அது வெட்டும். வோல்டேஜ் மிகக் கீழே போனாலும், வயர் ஷார்ட் ஆனாலும், சூடு கூடினாலும் வெட்டும். சூட்டை அறிய செல்லோடு ஒட்டிக் கடுகளவு உணர்கருவி ஒன்று வைத்திருப்பார்கள். என் பவர் பேங்கில் அந்தக் கடுகு இல்லை. அந்த இடத்தில் பலகையில் இரண்டு வெறும் துளைகள் இருந்தன. தம்பி அதைச் சுட்டிக்காட்டியபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. இதைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு ஓரிரவு தூங்கியிருக்கிறேன்.

துளையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதற்காகத்தான் பதிவு எண் இருக்கிறது. 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையில் 2014-இல் பவர் பேங்கும் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் விற்கும் எந்தப் பவர் பேங்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் (பி.ஐ.எஸ்.) பதிவு பெற்றிருக்க வேண்டும். பொருளின் மேல் முத்திரையும், ஐ.எஸ். 13252 என்பது போன்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்க எண்ணும் இருக்கும். உள்ளே இருக்கும் செல்லுக்குத் தனியாக ஐ.எஸ். 16046 என்ற தரம் உண்டு. எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள், எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியைப் போனில் இறக்கி, அந்த ஆர் எண்ணைத் தட்டிப் பாருங்கள். எந்தத் தொழிற்சாலை, எந்தப் பிராண்டு, எந்தப் பொருள் என்று வரும். பவர் பேங்கின் எண்ணைத் தட்டும்போது எல்.இ.டி. விளக்குக் கம்பெனி வந்தால் கடைக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

பதிவு எண் இருந்தால், பெரிய பெயர் இருந்தால் எரியவே எரியாதா என்று கேட்டால், அப்படி உறுதி கொடுக்க முடியாது. 2025 ஜூனில் ஆங்கர் என்ற பேர்பெற்ற நிறுவனமே அமெரிக்காவில் ஒரே மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதத்தில் சீனாவின் ரோமோஸ் ஏறத்தாழ 4,90,000 பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. இதைப் படித்துவிட்டு 'பெரிய கம்பெனியும் இப்படித்தான், சின்னதையே வாங்குவோம்' என்று முடிவு கட்டுவது தவறு. மாடல் எண் இருந்தது, கம்பெனிக்கு முகவரி இருந்தது, அதனால்தான் குறை தெரிந்தபோது கூப்பிட்டுச் சொல்ல முடிந்தது. என் பவர் பேங்கில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள். நல்ல கம்பெனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கான விலை.

விமானங்களில் இப்போது கெடுபிடி கூடியதற்கும் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பும் முன்பே எரிந்தது. தலைக்கு மேலிருந்த பெட்டியில் வைத்த பவர் பேங்கில் தொடங்கியிருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து. அந்த ஆண்டு அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூருக்குக் கிளம்பிய இண்டிகோ விமானத்திலும், ஓடுபாதை நோக்கிப் போகையில், முன் இருக்கையின் பையில் இருந்த பவர் பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. அது சுமார் 27,000 எம்ஏஎச். வாட்-மணி எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்றவை விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன.

நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே விமானத்தைவிடப் பெரிய எதிரி வெயில். லித்தியம் அயனி செல்லைச் சார்ஜ் ஏற்ற உச்ச எல்லை பொதுவாக 45 டிகிரி. சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையோரம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். டேஷ்போர்டு மேல் இன்னும் அதிகம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதி வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பள்ளியில் படித்ததுதான்; செல்லைக் கெடுக்கும் வினைகளுக்கும் அது பொருந்தும். முழு சார்ஜோடு வெயிலில் கிடப்பதுதான் செல்லுக்கு மிக மோசமான நிலை. பைக்கின் டேங்க் கவரிலும் காரின் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். பயணம் இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் நிழலான அலமாரியில் வையுங்கள். மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் சார்ஜ் போட வேண்டாம். டைல்ஸ் தரையோ கல் மேடையோ நல்லது.

உப்பிய பவர் பேங்குக்கு மன்னிப்பே கிடையாது. உள்ளே கரைசல் சிதைந்து வாயு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், 'ஒருதரம் சார்ஜ் போட்டுப் பார்ப்போம்' என்று சொருகாதீர்கள். வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட பழைய மண்சட்டியில் வைத்துவிட்டு, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைத்திருக்கின்றன. தப்பித் தவறித் தீப்பிடித்தால், சுவிட்சை அணைத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். செல்லைக் குளிரவைப்பதுதான் அங்கே வேலை. புகையை மட்டும் சுவாசிக்காதீர்கள், அதில் நஞ்சு இருக்கும்.

அய்யனார் கோவிலைச் சுற்றியுள்ள காடு சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆனது. பங்குனி, சித்திரையில் அங்கே புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். வேலை செய்யாத பவர் பேங்கை எரிச்சலில் புதருக்குள் எறிந்துவிட்டு வருகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும். நசுங்கிய செல் ஒரு தீக்குச்சிக்குச் சமம், சில நேரம் எறிந்த பல மணி நேரம் கழித்துப் பற்றுகிற தீக்குச்சி.

ஒருநாள் கோவில் பயணத்துக்கு 10,000 எம்ஏஎச் ஒன்று போதும். சதுரகிரியில் குடும்பத்தோடு ஏறுகிறவர்களுக்கு வேண்டுமானால் 20,000. அதற்கு மேல் சுமப்பது தோளுக்குத்தான் வேலை. வாங்கிய முதல் வாரத்திலேயே, பில் கையில் இருக்கும்போதே, வீட்டில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். போன் 20 சதவீதத்துக்கு வந்ததும் சொருகி எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுதும் தீரும்வரை மறுநாளும் தொடருங்கள். 10,000 பவர் பேங்க் உங்கள் 5,000 போனுக்கு மொத்தம் 130 சதவீதமாவது ஏற்றவில்லை என்றால் மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் இப்போது ஒரு பவர் பேங்க் இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் கிளம்பும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆர் எண் இருக்கிறதா, வாட்-மணி எழுதியிருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா? உட்காராமல் நடுவில் புடைத்து ஆடினால், அதை இன்று இரவு வீட்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள்.